கறுப்பு முடிச்சு

சாயக்காரரின் நகங்கள் வெளுத்துவிட்டன என்பதை முதலில் கவனித்தவள் ஒரு வாடிக்கைக்காரிதான். மகளின் பள்ளிச் சீருடை இரண்டைச் சாயமேற்றக் கொண்டுவந்தவள், ரசீதை நீட்டிய கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னங்கய்யா, கை வக்கீல் கை மாதிரி ஆயிடுச்சு!"

சாயக்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. "வேலை இல்லாத கை இப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

பின்கட்டில் அலசிக்கொண்டிருந்த அவர் மனைவியின் காதில் அது விழுந்தது. முப்பத்தோரு வருஷமாக அவள் பார்த்த நகங்கள் அவை. ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் கறுப்பு, பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் முழுக்கப் பழுப்பு. கல்யாணத்தன்று எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தும் போகாத நீலத்தோடுதான் அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். சுத்தமான, வெளிறிய நகங்கள். அவர் தொட்டியில் கைவைத்து எத்தனை மாதம் ஆகியிருந்தால் அப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

பழைய துணிக்குப் புதுச் சாயம் ஏற்றிக் கொடுக்கிற கடை அது. முன்னறையில் ஒரு மேசை, தையல் விட்ட நாற்காலி, சுவரோடு சுவராகக் கட்டிய மாதிரிக் கயிறு. எந்தச் சாயத்தைக் கலக்கினாலும் முதலில் ஒரு விரல் நீள வெள்ளைத் துண்டில் போட்டு, அலசி, காயவைத்து, தேதி எழுதி அந்தக் கயிற்றில் குத்திவிடுவார். பின்பக்கம் ஓர் எழுத்து. சாயம் துணியைப் பிடித்துக்கொண்டால் "பி". அலசலில் ஓடிவிட்டால் "ஓ". அந்த இரண்டு எழுத்துக்குள் அவருடைய கல்வி முழுவதும் அடங்கியிருந்தது என்று சொல்லலாம்.

பின்கட்டில் கொதிக்கிற தொட்டி இரண்டு, அலசுகிற தொட்டி மூன்று. கொதிக்கவைப்பது அவர் பாடு. அலசுவது அவள் பாடு. அந்த எல்லையை இருவரும் தாண்டியதில்லை. எந்தத் துணிக்கு எத்தனை அலசல் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். கண்ணாடி டம்ளரில் அலசின தண்ணீரை மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நிறம் இருந்தால் இன்னொரு தண்ணீர். பெரும்பாலும் ஏழு. அவர் உருளையில் பிழியத் துணியைக் கேட்டுக்கொண்டு நிற்பார். "இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டாச்சா?" என்பார். இன்ஸ்பெக்டர் தலையாட்டாமல் துணி நகராது.

எல்லாத் துணிக்கும் சாயம் பிடிப்பதில்லை. நைந்துபோன துணி கொதிநீரில் கிழிந்துவிடும். ஆனாலும் சிலர் கெஞ்சுவார்கள். அப்பாவுடைய கோட்டு என்பார்கள், இதைவிட்டால் வேறில்லை என்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வராது. கொதிக்கவிடாமல், கெட்டியாகக் கலக்கிய சாயத்தை மேலோட்டமாக ஏற்றி, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிடுவார். பார்க்கப் புதுசு மாதிரி மின்னும். ஒரு தண்ணீர் பட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும். பழக்க தோஷத்தில் அவள் அதையும் அலசலில் போட்டுவிடக் கூடாதே என்று, அப்படிப்பட்ட துணியின் கழுத்தில் கறுப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார். 'இது தேறாது, அலசாதே' என்று அர்த்தம். வாடிக்கைக்காரரிடம், "விசேஷத்துக்கு மட்டும் போடுங்க, தண்ணில நனைக்காதீங்க" என்பதோடு சரி. அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

நாளடைவில் அந்தச் சொல் கடையைவிட்டு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்து, "கறுப்பு முடிச்சு" என்பார். அவருடைய தங்கை புருஷன் ஆரம்பித்த மூன்றாவது வியாபாரத்துக்கும் அதே பெயர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வயிற்றில் புற்று கண்டார்கள். இரைப்பையை முழுசாக எடுத்தார்கள். பிறகு ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். அதெல்லாம் பெரிய கதை. ஆனால் அதில் அவர் தைரியமாகவே இருந்தார். "பையைப் பிடுங்கிட்டாங்க, இனி நான் கையோட வாங்கிக் கையோட குடுக்கிற ஆளு" என்று ஆஸ்பத்திரியையே சிரிக்கவைத்தார். வீட்டுக்கு வந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை, கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழகினார். அரை முட்டை, கால் ரொட்டி, நாலு கரண்டி கஞ்சி. கடையையும் திறந்தார்.

ஆள் மாறியது அதற்குப் பிறகுதான், நோய் போய்விட்டது என்று எல்லாரும் மூச்சுவிட்ட பிறகு. ஒரே நாளில் மாறவில்லை. முதலில் நாக்கு எரிகிறது என்றார். பிறகு தூக்கம் போயிற்று. பிறகு கலவையில் தப்பு வந்தது. நீலத்தில் எத்தனை கரண்டி உப்பு போட்டோம் என்று மறந்து நின்றார். ஒரு நாள் கொதிக்கிற தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். அவள்தான் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அன்றைக்குப் பிறகு தொட்டிப் பக்கமே போகவில்லை. முன்னறை நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கொதிக்கவைக்கிற வேலையையும் அவளே பார்த்தாள். இது போதாதென்று இன்னொன்று: நடக்கும்போது செருப்பு கழன்று வழியிலேயே கிடக்கும். அவர் பாட்டுக்கு ஒரு கால் செருப்போடு நடந்துகொண்டிருப்பார்.

எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"சாப்பிடறீங்களா?"

"எதுக்கு?"

"சவரம் பண்ணிக்கக் கூடாதா?"

"எதுக்கு?"

"மழை நின்னுடுச்சு, கொஞ்சம் வெளியில உக்காருங்களேன்."

"எதுக்குன்னு கேக்கறேன்."

அவர் தங்கை வாரத்துக்கு இரண்டு நாள் வந்து அலசுவதற்குக் கைகொடுத்தாள். வாய் ஓயாதவள், ஆனால் கை அதைவிட வேகம்.

"அண்ணி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அண்ணன் மனசு விட்டுட்டாரு. எங்கப்பாவும் கடைசில இப்படித்தான் சுவரைப் பாத்து உக்காந்தாரு."

"உங்கப்பாவுக்கு எம்பது வயசு. இவருக்கு அம்பத்தெட்டு."

"வயசா கணக்கு? போன வாரம் நான் கொண்டுவந்த சூப்பைத் தொட்டுக்கூடப் பாக்கலை. என் சூப்பை வேண்டாம்னு சொன்ன மொத ஆள் இவர்தான்."

"உன் வீட்டுக்காரர் சொன்னதில்லையா?"

"அவருக்குச் சொல்ற தைரியம் ஏது!"

இருவரும் சிரித்தார்கள். முன்னறையிலிருந்து நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. முன்பெல்லாம் பின்கட்டில் சிரிப்புக் கேட்டால் "யாரைக் கிழிக்கிறீங்க?" என்று ஒரு குரல் வரும். அது வராததைக் கேட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அவளுக்கு உள்ளுக்குள் வேறொரு பயமும் இருந்தது. அதை நாத்தனாரிடம் சொல்லவில்லை. நோயில் இவ்வளவு பாடுபட்டுப் பார்த்துக்கொண்டவளை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று. உடம்பைத் துடைத்துவிட்டவளை, வாந்தி ஏந்தியவளைச் சிலருக்குப் பிறகு பார்க்கப் பிடிக்காதாம். யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். ராத்திரி அவர் முதுகைத்தான் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிற ஆஸ்பத்திரிச் சோதனைக்கு அந்த மழைக்காலத்தில் போனார்கள். அவர்கள் மகளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். பழைய டாக்டர் மாற்றலாகி, ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தாள். படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. புத்து எங்கயும் திரும்ப வரலை."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவரையே கவனித்தாள்.

"ஐயா, நல்ல செய்தி சொன்னேனே."

"கேட்டேன்."

"சந்தோஷமா இல்லையா?"

"நீங்க சொல்லணும்னு சொல்றீங்க" என்றார்.

டாக்டரம்மா எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கு சிவந்து, மழுமழுவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னாள். அவர் ஏற்கெனவே ஒன்றை வராந்தாவில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதிர்கிற இரும்புக் கவை ஒன்றைக் கால் கட்டைவிரல்மேல் வைத்து, "அதிருதா?" என்றாள். "என்ன அதிருது?" என்றார் அவர். கண்ணை மூடி நிற்கச் சொன்னாள். அவர் சாய்ந்தார், மகள் பிடித்துக்கொண்டாள்.

"மாசா மாசம் ஊசி போடறீங்க இல்லையா? பி பன்னெண்டு?"

"ஒரு மாசம் தவறினதில்ல டாக்டர்" என்று மனைவி முந்திக்கொண்டாள். "நானே மருந்துக் கடையில வாங்கறேன். ஒண்ணாம் தேதி இவரே எடுத்துக்கிட்டுப் போய் ரெண்டு தெரு தள்ளி இருக்கிற நர்ஸம்மாகிட்ட போட்டுக்கறாரு."

டாக்டரம்மா சீட்டில் எதையோ எழுதினாள். ரத்தம் எடுத்துக்கொண்டு, நாலு நாள் கழித்து வரச் சொன்னாள். நாலாம் நாள் மனைவியும் மகளும் மட்டும் போனார்கள். அவர் வர மறுத்துவிட்டார். எதுக்கு.

"ஊசி உடம்புல ஏறவே இல்ல" என்றாள் டாக்டரம்மா. "இரைப்பை இல்லாதவங்களுக்குச் சாப்பாட்டுல இருந்து இந்தச் சத்தை எடுத்துக்க முடியாது. ஈரல்ல கொஞ்சம் சேத்து வெச்சிருக்கும், அதை வெச்சு ரெண்டு வருஷம் ஓட்டியிருக்காரு. இப்போ அதுவும் தீந்துபோச்சு. வெயில்ல கிடைக்கிற டி சத்தும் அடியில இருக்கு."

"அதனாலதான் இப்படி இருக்காரா?" என்று மகள் கேட்டாள். "சுவரைப் பாத்துக்கிட்டு?"

"கால் மரத்துப்போறது, மறதி, நாக்கு, இதெல்லாம் அதனாலதான்னு கிட்டத்தட்ட சொல்லலாம். சோர்வு…" அவள் கொஞ்சம் யோசித்தாள். "புத்து வந்துபோன நிறைய பேருக்கு மனச்சோர்வு வரும். இந்தச் சத்து குறைஞ்சாலும் வரும். இவருக்கு எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. மனநல டாக்டரையும் பாக்கட்டும், எழுதித் தரேன். ஆனா ஊசியை இன்னும் தள்ளிப்போட்டா நரம்புல சிலது திரும்பாது. இந்த வாரமே ஆரம்பிக்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ரெண்டு வாரத்துக்கு. அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு, ஆயுசுக்கும்."

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மகளைக்கூட அனுப்பிவிட்டு நேரே நர்ஸம்மா வீட்டுக்குப் போனாள். நர்ஸம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவா? ஒரே ஒரு தடவைதான் வந்தாரு அக்கா. ரெண்டு வருஷம் ஆச்சு. அப்புறம் தெருவுல பாத்தப்போ கேட்டேன், ஆஸ்பத்திரிலயே போட்டுக்கறேன்னு சொன்னாரு."

"அந்த ஒரு தடவை வந்தப்போ என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? மருந்தை உறிஞ்சினேன். இது என்ன கலர்னு கேட்டாரு. அது சிவப்பா இருக்கும் இல்ல, ரோஜாப்பூ மாதிரி. சும்மா சத்து ஊசிதான் ஐயான்னேன்."

"சும்மான்னு சொன்னீங்களா?"

"சும்மாதான் சொன்னேன் அக்கா…" என்ற நர்ஸம்மா, தான் என்ன சொன்னோம் என்று புரியாமல் அவளைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார், தலை சுவரில் முட்டியபடி. அவள் எழுப்பவில்லை. மாதம் ஒன்றாக வாங்கிய அந்தச் சின்னக் குப்பிகள் எங்கே போயின என்று தேடினாள். அலமாரியில் இல்லை. குப்பையில் போட்டிருந்தால் கண்ணாடி சத்தம் அவள் காதுக்குத் தப்பாது. கடைசியில் சாயப்பொடி டப்பாக்களுக்குப் பின்னால், அவள் கை வைக்காத அவருடைய பலகையில், ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியைச் சுற்றிக் கறுப்பு நூல். நூலில் ஒரு முடிச்சு.

 அங்கேயே தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே மாதிரித் துண்டுகள். விரல் நீளம். ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி, எல்லாம் ஒண்ணாம் தேதி. இருபத்திரண்டு துண்டுகள். எல்லாம் வெள்ளை. நிறமே இல்லாத மாதிரியை எவனாவது எடுத்து வைப்பானா? திருப்பினாள். ஓ. அடுத்ததைத் திருப்பினாள். ஓ. ஓ. ஓ. இருபத்திரண்டும் ஓ.

மத்தியானம் மழை வலுத்தது. கடைக் கதவைச் சாத்தினாள். அவர் விழித்திருந்தார். எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் டப்பாவைப் பார்த்தார். மறைக்கப் பார்க்கவில்லை.

"மருந்தைத் துணியில விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எதுக்கு?" இந்தத் தடவை அவள் கேட்டாள்.

"சிவப்பா இருந்துச்சு. நாப்பது வருஷமா சிவப்பைப் பாக்கறவன். ஒரு சொட்டு விட்டு அலசினேன். ஒரே தண்ணில ஓடிப்போச்சு. ஒரு தடம்கூட இல்ல. அது என்ன மருந்து? கலர் தண்ணி. குப்பியோட சாக்கடையில போட்டேன்."

"ஒரு மாசம் பாத்தீங்க சரி. இருபத்திரெண்டு மாசமுமா?"

"ஒரு வேளை நான் தப்பா இருந்தா…" என்று நிறுத்தினார். டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, "ஒவ்வொரு மாசமும் பிடிக்குமான்னுதான் பாத்தேன்" என்றார்.

மழை தகரத்தில் விழுகிற சத்தம் பெரிதாக இருந்தது.

"பக்கத்துப் படுக்கைக்காரனுக்கெல்லாம் அதுக்கப்புறமும் பாட்டில் பாட்டிலா ஏத்தினாங்க. எனக்கு மட்டும், எல்லாம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க, மாசம் ஒரு ஊசின்னாங்க. பழைய டாக்டர் உன்னை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பேசினாரு. நீ கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்தே."

"அவரு நல்லா ஆயிடுச்சுன்னு சொன்னாரு. அதுக்குத்தான் அழுதேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? கோட்டை வாங்கிட்டுப் போறவன்கிட்ட இது தேறாதுன்னு நான் சொன்னேனா? விசேஷத்துக்குப் போடுங்க, நனைக்காதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்புவேன். அதே சிரிப்புதான் அங்கயும். நர்ஸம்மா சும்மான்னாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் கறுப்பு முடிச்சு. எனக்கு மேல்சாயம் பூசி அனுப்பியிருக்காங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அத்தனை வருஷத்தில் அவர்மேல் வராத கோபம்.

"முடிச்சைக் கட்டினது யாரு?"

"என்ன?"

"டாக்டரா கட்டினாரு? டப்பாவுல நூலைச் சுத்தினது உங்க கை. சரி, கட்டினீங்க. முடிச்சு போட்டா யாருக்குச் சொல்லணும்? அலசறவளுக்குத் தெரியணும்னுதானே முடிச்சே? முப்பத்தோரு வருஷத்துல என்கிட்டச் சொல்லாம ஒரு முடிச்சு போட்டிருக்கீங்களா?"

அவர் குனிந்து மூடியில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா நான் அலசிக்கிட்டே இருக்கேன். கஞ்சி வெக்கிறேன், மருந்து வாங்கறேன், துண்டு பிழியறேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கலை. என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். தெரியுமா உங்களுக்கு?"

"உன்னையா?" அவர் நிமிர்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தை முழுசாகப் பார்த்தார். "உன்னையா?" என்றார் மறுபடியும்.

"புத்து வரலை. சத்துதான் தீந்துபோச்சு. டாக்டர் சொன்னதை நான் அப்படியே சொல்றேன், ஒரு சொட்டு மேல்சாயம் இல்ல: முழுசும் சரியாகுமான்னு அவங்களுக்கே தெரியாது. மனசு டாக்டர்கிட்டயும் போகணும். மொதல்ல ஊசி."

"எத்தனை?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள், ரெண்டு வாரம்."

அவர் விரல்விட்டு எண்ணினார். விரல்கள் மரத்திருந்ததால் ஒவ்வொன்றாக மேசையில் தட்டி எண்ணினார். "ஏழு வருது" என்றார்.

"ஏழுதான்."

"சரி. ஏழு பாப்போம். எட்டாவது கேக்காதே."

நர்ஸம்மா வீட்டுக்கே வந்தாள். இந்தத் தடவை வாயைத் திறக்கவே பயந்தாள். முதல் ஊசி போட்ட சாயங்காலம் சாயக்காரர் கழிவறையிலிருந்து கதவைப் பாதி திறந்தபடி கூப்பிட்டார். குரலில் ஒரு கசப்பான வெற்றி இருந்தது.

"இன்ஸ்பெக்டர்! வந்து பாரு. சிவப்பாப் போகுது. நான் சொன்னேன் இல்ல? பிடிக்கலை. ஓடுது."

அவள் எட்டிப் பார்த்தாள். இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கும் மனசு சோர்ந்தது. நர்ஸம்மா, சிலருக்கு அப்படிப் போகும் என்று சொல்லியிருந்தாள். ஆனால் நர்ஸம்மா சொன்னாள் என்றால் அவரிடம் எடுபடாது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மொத அலசல்ல ஓடாத சாயம் எது?"

அவர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

"சொல்லுங்க. நீங்க கொதிக்கவெச்சுக் குடுத்த கறுப்பு மொதத் தண்ணில ஓடினதில்லையா? நீலம் ஓடினதில்லையா? அதுக்காகத் துணியைத் தூக்கி எறிஞ்சோமா? துணிக்கு வேண்டியது போக மிச்சம் ஓடும். பிடிச்சதா இல்லையான்னு ஏழாவதுல நான் சொல்வேன். அலசறது என் வேலை. நீங்க அதுல தலையிட வேண்டாம்."

 கதவுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"இதுக்கும் டம்ளர்ல பிடிச்சுப் பாப்பியா?"

"சீ! போங்க அந்தப்பக்கம்."

ஏழு முடிந்ததும் அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. நாக்கு எரிச்சல் அடங்கியது. கொஞ்சம் தூங்கினார். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரை முதலில் வாயை உலர்த்தியது, அதைத் திட்டினார். திட்டினார் என்பதே அவளுக்கு நல்ல சகுனமாகப்பட்டது. எட்டாவது ஊசிக்கு ஒண்ணாம் தேதி வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தினமும் காலையில் ஒரு மணி நேரம், துணி காயப்போடும் முற்றத்துக் கம்பிகளுக்கு அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "என்னையும் கிளிப் போட்டு மாட்டிடு" என்பார்.

மூன்றாம் மாதம் ஒரு நாள், பின்கட்டில் அவளும் நாத்தனாரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"யாரைக் கிழிக்கிறீங்க?"

நாத்தனார் கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றாள். "உங்களைத்தான் அண்ணா!" என்று கத்திவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாதம் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. செருப்புக்குப் பின்வார் தைத்துக் கொடுத்தாள். மறுபடி தொட்டிக்குப் போனார். சூடு பார்க்கக் கையை நம்பாமல் முழங்கையை வைத்தார். நகங்களில் நீலம் ஏறியது. ஒரு நாள் அவரே டப்பாவை எடுத்துவந்து, மருந்து அட்டைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"பாரு, பெட்டிமேலேயே பி-ன்னு கொட்டையா எழுதி அனுப்பியிருக்கான். நான்தான் அதுக்குப் பின்னால ஓ போட்டிருக்கேன். எனக்கு யாரு சாயக்காரன்னு பேரு வெச்சது?"

"சும்மா வெச்சிருப்பாங்க" என்றாள்.

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

பதினாறு மாதம் அப்படி இருந்தது. பிறகு புற்று ஈரலில் வந்தது. டாக்டரம்மா இருவரையும் சேர்த்து உட்காரவைத்துத்தான் சொன்னாள். வராந்தாவில் தனியாகப் பேசக் கூடாது என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். படங்களைக் காட்டினாள். மருந்து ஏற்றினால் கொஞ்ச நாள் தள்ளலாம், தேறாது என்றாள்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கறுப்பு முடிச்சா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள் மனைவி.

"சரி" என்றார். "இப்போ ரெண்டு பேருக்கும் தெரியும்."

மருந்து ஏற்றிக்கொள்ளவில்லை. வலிக்கு மட்டும் கொடுத்தார்கள். அந்தக் கடைசி இரண்டு மாதமும் அவர் கட்டிலை முன்னறையில் போட்டிருந்தார்கள், சுவர் பக்கம் இல்லை, கடை வாசலைப் பார்த்து. வருகிறவர்கள் துணியைக் காட்டுவார்கள். படுத்தபடியே, "இது பருத்தி இல்ல, கலப்பு, பிடிக்காது" என்பார். ஒரு காலையில் அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தபோது போயிருந்தார்.

ஒரு மாதம் கழித்துக் கடையைத் திறந்தாள். முதல் கலவைக்கு வெள்ளைத் துண்டு தேடியபோது பழைய பிஸ்கட் டப்பா கையில் தட்டுப்பட்டது. நூல் இல்லை. உள்ளே அந்த இருபத்திரண்டுக்கு மேல் இன்னொரு கட்டு இருந்தது. பதினேழு துண்டுகள், எல்லாம் வெள்ளை, ஒண்ணாம் தேதிகள். நர்ஸம்மா ஊசி போட்டதும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக் காலிக் குப்பியை வாங்கி வைத்துக்கொள்வார்; அதில் ஒட்டியிருக்கும் மிச்சச் சொட்டுக்குத்தான் போலிருக்கிறது. அவள் திருப்பினாள். பி. பி. பி. கடைசித் துண்டில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது, ஆனாலும் பி.

டப்பாவை மூடி, அவருடைய பலகையில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அன்று வந்த முதல் ஆள் ஓர் இளம்பெண். பையிலிருந்து ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். தோளிலும் மடிப்புகளிலும் வெளுத்து, முழங்கையில் நூல்நூலாக இருந்தது. "அண்ணனோடது. புதுசு மாதிரி ஆக்கித் தர முடியுமா?" என்றாள்.

சாயக்காரரின் மனைவி துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"முடியாதும்மா. இது நைஞ்சுபோச்சு, கொதிக்கவெச்சா கிழிஞ்சுடும். வேணும்னா மேல்சாயம் போட்டுத் தரேன். பாக்க நல்லா இருக்கும். ஆனா பிடிக்காது. ரெண்டு மாசம் தாங்கும், தண்ணி பட்டா அதுவும் இல்ல."

பெண் கோட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். இப்படி ஒரு பதிலை எதிர்பார்த்து வரவில்லை.

"ரெண்டு மாசம் போதுங்க" என்றாள் கடைசியில். "அதுக்குள்ள ஒரு தடவை போட்டுக்கணும்னு ஆசைப்படறாரு."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து கறுப்பு நூலை எடுத்தாள். அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே கோட்டின் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இது எதுக்கு?"

"அலச வேண்டாம்னு அடையாளம்" என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்களுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்."